கரும்பலகையின் மேல் வரி

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் தேதி எழுதுவதற்கென்று ஓர் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, ஓர் ஓரமாக. இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயினி வேலை பார்க்கும் நாம், அந்த இடத்தை எட்டுவது ஒரு பெரிய சாமர்த்தியம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 2022-ஆம் வருஷத்தில் ஒரு நாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர்! தேதி வரவரக் கீழே இறங்கி வருகிறதே!" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் அவள் சொன்னது முற்றும் உண்மை. நம்முடைய வலது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது.

இதற்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. 2019-இல் நமக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. வலது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். பிற்பாடு அந்த இடத்தில் சிலிகோன் பை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். நோய் திரும்பாமல் இருக்க லெட்ரோஸோல் என்னும் மாத்திரையையும் ஐந்து வருஷத்துக்குச் சாப்பிடச் சொன்னார்கள்.

அப்போது லீவுக் கடிதத்தில் 'மார்பகம்' என்று எழுதப் பேனா கூசிற்று. 'மார்பில் சிகிச்சை' என்று எழுதினோம். பலன் என்ன? சக ஆசிரியைகள் எல்லோரும் நமக்கு இருதய வியாதி என்று தீர்மானித்து, மாடிப்படி ஏறவிடாமல் தடுத்து, பூண்டு லேகியம் கிளறிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்! வெட்கப்பட்டதற்குத் தண்டனையாக அவ்வளவு லேகியத்தையும் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

இரண்டு வருஷம் சென்றபின் வலி வந்தது. காலையில் விரல்கள் மடங்கா; காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது. முழங்கால்கள் முரண்டு பண்ணின. மார்பில் ஓர் இறுக்கம், தோளில் ஒரு பிடிப்பு. முதலில் பார்த்த வைத்தியர் ஒருவர், "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உறவினர்களோ, "அந்தப் பைதான் விஷம்" என்று தீர்ப்புக் கூறினார்கள். நாமும் அந்தக் கட்சியிலேயே சேர்ந்துகொண்டோம்.

பையின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தோம். முதன் முதலில் 1962-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் ஒரு ஸ்திரீக்கு இதை வைத்தார்கள். 1992-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா சிலிகோன் பைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. மூட்டுவாத வியாதிகளைப் பைதான் உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய அத்தாட்சி இல்லை என்று 1999-இல் ஒரு நிபுணர் குழு கூறிற்று. 2006-இல் மறுபடியும் அநுமதி கிடைத்தது. ஆனால் 2021-இல் அதே இலாகா, இவை ஆயுள் முழுவதும் இருக்கக்கூடிய பொருள்கள் அல்ல என்றும், மூட்டு வலி, அயர்ச்சி முதலியவற்றைப் பல பெண்கள் தெரிவித்திருக்கிறார்கள் என்றும் எச்சரிக்கை அச்சிடச் சொல்லிற்று. படித்து முடித்தபோது, வாதி பிரதிவாதி இருவருமே ஜயித்த வழக்கைப் போலத் தோன்றிற்று!

நல்ல வேளையாக, பொறுமையுள்ள ஒரு வைத்தியர் அம்மாள் நமக்கு வாய்த்தார். "ஒரு திருடன் அகப்பட்டால் ஊரில் நடந்த திருட்டெல்லாம் அவன் தலையில்தானா?" என்று கேட்டார். இரத்தம் எடுத்து, மூட்டுவாதம் உண்டா, தைராய்டு சரியா என்று சோதித்தார். இரண்டும் குற்றவாளி அல்ல. "லெட்ரோஸோல் சாப்பிடும் பெண்கள் பலருக்கு மூட்டு வலி வருவதுண்டு. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அது உயிர் காக்கும் மருந்து" என்று சொல்லி, புற்றுநோய் வைத்தியரைக் கலந்து அதே இனத்தில் வேறு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் விரல்கள் இளகின. தோளும் மார்பும் இளகவில்லை.

அதற்குக் காரணம் வேறு. உடம்பு தனக்குள் வைத்த அந்நியப் பொருளைச் சுற்றித் தானே ஓர் உறை கட்டிக்கொள்கிறது. சிலருக்கு அந்த உறை இறுகிப் பையை நெரிக்கிறது. நமக்கு நேர்ந்தது அதுதான். 2023 கோடை விடுமுறையில் பையையும் இறுகிய உறையையும் எடுத்துவிட்டார்கள்.

நீர் வடியும் குழாய் ஒரு வாரம் இருந்தது. குடம் தூக்கக் கூடாது. குக்கரைக்கூட இறக்கக் கூடாது. கண்ணாடி முன் நின்றபோது, ஒரே பொருளை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல இருந்தது. அன்று அழுதோம் என்பதை மறைப்பானேன்?

பிறகு சுவர் ஏறும் அப்பியாசம். சுவரின் எதிரே நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே நகர்த்த வேண்டும். குழந்தைகளின் உயரத்தைக் குறித்த அதே சுவரில், நம் வீட்டுக்காரர் தினமும் பென்ஸிலால் ஒரு கோடு போட்டார். சில நாள் கோடு ஏறும். சில நாள் இறங்கும். காலையில் நடையும், வைத்தியர் அநுமதித்த பிறகு சிறு பளு தூக்குவதும் சேர்ந்தன. அந்த மாத்திரையால் வரும் வலிக்கு அப்பியாசம் நல்ல மருந்து என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

வலி அனைத்தும் பறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மார்பின் இறுக்கம் போயிற்று. தோள் நாலு மாதத்தில் திரும்பியது. முழங்கால்கள் இன்றைக்கும் காலையில் ஒரு முறை முனகிவிட்டுத்தான் எழுந்திருக்கின்றன. பையை எடுத்த பெண்கள் எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்றும் நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வலியை மனப்பிரமை என்று தள்ளுவதும் தவறு. அவசரப்பட்டு ஒன்றின் மேலேயே பழி போடுவதும் தவறு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வைத்தியரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் லீவுக் கடிதத்தில் 'மார்பகம்' என்றே எழுதினோம். இந்தத் தடவை லேகியம் வரவில்லை. அதற்குப் பதில் ஓர் ஆசிரியை மத்தியானம் தனியே வந்து, தம் மார்பில் சில மாதமாக ஒரு கட்டி இருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். மறுநாளே அவரை வைத்தியரிடம் அழைத்துப் போனோம். சாதாரணக் கட்டிதான்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று, தேதியைப் பழைய இடத்தில் எழுதினோம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நமக்கு மட்டும் சாக்குக் கட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.