பெயர் ஒட்டிய விமானம்



சிங்கப்பூர் போய் வந்தவர்கள் தேக்காவைப் பற்றியும் செந்தோசாவைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு புல்வெளியைப் பற்றி.

சென்ற பள்ளி விடுமுறையில் குளுவாங்கில் பஸ் ஏறி, ஜொகூர் பாருவில் மாறி, கடற்பாலத்தைக் கடந்து, யீஷூனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறியைச் சுற்றி ஆறு விமானங்கள் தொங்குகின்றன! எல்லாம் தங்கையின் மாமனார் தம் கையால் செய்தவை. பால்சா என்னும் மிக இலேசான மரத்தைச் சீவி, ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி, மோட்டார் பொருத்தி, ஒன்றை முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். கையிலுள்ள ரேடியோ கருவியால் இறக்கையையும் வாலையும் அசைத்து, கண்ணால் பார்த்தே ஓட்ட வேண்டும். கடையில் வாங்கும் ட்ரோனைப் போல அது அந்தரத்தில் தானாக நிற்காது. கை தவறினால் மூன்று மாத உழைப்பும் மண்ணில்தான்.

"எல்லாம் தொங்குகிறதே மாமா, பறப்பது எப்போது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, சிங்கப்பூர் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். அதில் காம்பசால் ஐந்து வட்டங்கள் போட்டிருந்தார். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பாவாங். எல்லாம் விமான நிலையங்கள் அல்லது விமானப்படைத் தளங்கள். அவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி பெறாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. வெளியே போனாலும் 200 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. அது மூன்று நெடிய தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டரும், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டரும் உள்ள தீவில் மிச்சம் எவ்வளவு இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்! யீஷூனோ செம்பாவாங் வட்டத்துக்குள் இருக்கிறது.

"வட்டம் இருக்கட்டும் அம்மா. இப்போது பெயரும் பதிய வேண்டும்" என்றார் மாமா.

2019 ஜூன் மாதம் சாங்கி விமான நிலையத்தின் அருகே யாரோ அனுமதியின்றி ட்ரோன்களைப் பறக்கவிட்டார்கள். 18ஆம் தேதி இரவு முதல் மறுநாள் காலை வரை ஓர் ஓடுபாதையை விட்டுவிட்டு மூட வேண்டியதாயிற்று. 37 விமானப் பயணங்கள் தாமதமாயின. 2020 ஜனவரி 2ஆம் தேதி பதிவு முறை தொடங்கியது. 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால், ட்ரோனோ கையால் செய்த விமானமோ, சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். கால் கிலோ மிளகாய்த்தூள் பொட்டலத்தின் எடைதானே அது! ஒவ்வொன்றுக்கும் பதிவு ஒட்டுத்தாள் வாங்க வேண்டும். தொடக்கத்தில் அதன் கட்டணம் 15 வெள்ளி. பதிவு செய்பவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் என்றால் இணையத்தில் பாடம் படித்துத் தேர்வும் எழுத வேண்டும். மாமா தமது பெரிய விமானத்துக்காக, எழுபதை நெருங்கும் வயதில், எழுதித் தேறியிருக்கிறார்! 2025 டிசம்பர் 1 முதல், பறக்கும்போதே தன் அடையாளத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் கருவியும் வேண்டும் என்று விதி வந்தது.

"தப்புச் செய்தவன் எவனோ. நாற்பது வருடமாக ஒழுங்காக விட்டுக்கொண்டிருக்கிறவனும் அவனோடு வரிசையில் நிற்கிறான்" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் நியாயமானதே.

தங்கை மகனுக்கு வயது 13. அவனும் தாத்தாவிடம் கற்று ஒரு விமானம் செய்து முடித்திருந்தான். சமையலறைத் தராசில் வைத்தோம். 310 கிராம்! பையனின் முகம் வாடிவிட்டது. மாமா எழுந்து போய், தம்முடைய மூன்றாவது விமானத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஒட்டுத்தாளை எடுத்து வந்து, தம் பெயரில் பதிந்து, அவன் விமானத்தில் ஒட்டினார்.

"நான் செய்தது, உங்கள் பெயரா தாத்தா?" என்றான் பையன்.

"ஆமாம். நீ தப்பாக விட்டால் கெடுவது என் பெயர். அதை நினைத்துக்கொண்டு விடு."

மறுநாள் விடியற்காலை, இறக்கைகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஜூரோங் ஈஸ்ட் வரை எம்.ஆர்.டி.யில் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, வட்டங்களுக்கு வெளியே ஒரு புல்வெளியை அடைந்தோம். பனி ஈரம் காலில் ஒட்டியது. பையன் நான்கு பக்கமும் பார்த்தான். வானத்தையும் ஒருமுறை பார்த்தான். அதன் பிறகே விசையை முடுக்கினான். விமானம் புல்லை உரசி ஓடி எழும்பியது! மாமா வானத்தைப் பார்க்கவில்லை. பேரனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பு நம் வீடுகளில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் லைசன்ஸ் கட்டினோம். முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினோம். ஆனால் இந்த ஒட்டுத்தாள் வெறும் கட்டணச் சீட்டாக எனக்குத் தோன்றவில்லை. மேலே பறக்கும் பொருளுக்குக் கீழே ஒருவர் பொறுப்பு என்று அது சொல்கிறது. கையால் செய்கிறவர்களுக்குச் சட்டம் சற்று இரங்கியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ட்ரோனோ விமானமோ வைத்திருந்தால், கடற்பாலம் தாண்டும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டிலும் விமான நிலையங்களுக்கு அருகே அனுமதியின்றி விடக் கூடாது. ஆனால் அதற்குப் பயந்து பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். அந்தத் தாத்தாவைப் போல, பக்கத்தில் போய் நில்லுங்கள்.