சமத்துவம் எழுதப்படும் பிரிவுகள்

அமெரிக்க மருத்துவமனைக்கும் அங்குள்ள செவிலியர் சங்கத்துக்கும் இடையே பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கையெழுத்தாகும் கூட்டு ஒப்பந்தத்தைப் புரட்டுபவர், இனம், நிறம், பால், மதம், பிறந்த நாடு ஆகியவற்றை முன்னிட்டு எவரிடமும் பாகுபாடு காட்டப்படாது என்ற பிரிவைத் தவறாமல் காண்பார். பேச்சுவார்த்தை மேசையில் இதன்மேல் பெரிய வாக்குவாதம் எழுவதில்லை. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் ஏற்கெனவே தடைசெய்ததை மறுபடி எழுதித் தர எந்த நிர்வாகமும் தயங்காது. ஆகவே அனுபவப்பட்ட சங்கப் பேச்சாளர்கள் அப்பிரிவில் சுருக்கொப்பமிட்டு ஓரமாக வைத்துவிட்டு, காலியிட அறிவிப்பு, பணிமூப்புக் கணக்கு, வார்டு மாற்றி அனுப்பும் முறை, ஊதியப் படி எனப் பார்வைக்குச் சமத்துவத்தோடு தொடர்பே இல்லாத பிரிவுகளுக்குத் தம் உழைப்பைச் செலவிடுகின்றனர். பாகுபாடு வார்டுக்குள் நுழையும் வழிகள் அவையே.

இந்தப் பேரத்துக்கான சட்டவழி செவிலியர்க்குத் தாமதமாகவே உறுதிப்பட்டது. 1935-இல் இயற்றப்பட்ட தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்திலிருந்து இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் 1947-இல் விலக்கப்பட்டு, 1974-இல்தான் மீண்டும் அதன் வரம்புக்குள் வந்தன. வேலைநிறுத்தத்துக்குப் பத்து நாள் முன்பே எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கமோ 1950 முதல் 1968 வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்பதையே தன் கொள்கையாக வைத்திருந்தது. அக்கொள்கை கைவிடப்பட்ட மறு ஆண்டில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கறுப்பினப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மணிக்கு 1.30 டாலர் என்ற கூலியையும் இன இழிவையும் எதிர்த்துச் சுமார் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. நீக்கப்பட்ட பன்னிருவர் திரும்பச் சேர்க்கப்பட்டனர், கூலி உயர்ந்தது, குறைதீர்ப்பு நடைமுறை ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. மேலதிகாரியின் முடிவை எழுத்தில் எதிர்க்கவும், அதற்குக் குறித்த கெடுவுக்குள் பதில் பெறவும் வழிசெய்யும் இந்தக் கடைசி அம்சத்தின் அருமையைப் பேரம் பேசிப் பழகியவர்களே உணர்வர்.

சமத்துவக் கோரிக்கைக்கான முதல் பேரம் சங்கத்துக்குள்ளேயே நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் எம்போரியம் என்ற பெரிய அங்காடியின் கறுப்பின ஊழியர் சிலர், இனப் பாகுபாடு குறித்துச் சங்கத்தைத் தாண்டி நிர்வாகத்தோடு நேரே பேச முற்பட்டு, வாசலில் மறியல் செய்து வேலையிழந்தபோது, அச்செயலுக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் கூறியது. தீர்ப்பை எழுதியவர் குடிமை உரிமை வழக்குகளின் முன்னணி வழக்கறிஞராக விளங்கிய தர்குட் மார்ஷல் என்பது இன்றும் பலரை வியக்கவைக்கும் செய்தி. பெரும்பான்மையினர் தேர்ந்த சங்கமே அனைவருக்கும் பிரதிநிதி என்றாகிவிட்டதால், அனைவரையும் பாகுபாடின்றிப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை, 1944-இன் ஸ்டீல் வழக்கு தொட்டு, சங்கத்தின்மேல் சுமத்தப்பட்டுள்ளது. ஆனால் கடமை சட்டத்தில் இருப்பதால் மட்டும் ஒரு குறை மேசைக்கு வந்துவிடாது. இரவுப் பணியிலிருப்போர் உறங்கும் நேரத்தில் உறுப்பினர் கூட்டத்தை வைக்கும் சங்கத்தில், இரவு ஷிப்டிலேயே தேங்கிவிட்ட புலம்பெயர்ந்த செவிலியரின் குறை பட்டியலில் இடம்பெறாது.

அடுத்தது தகவல் கேட்பு, அதாவது பேரத்துக்குத் தேவையான விவரங்களை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டுப் பெறும் உரிமை. கொடுக்க வசதியில்லை என்று வாதிடும் நிர்வாகத்திடம் அதற்கான ஆதாரத்தைக் கேட்கலாம் என்பதை 1956-இன் ட்ரூயிட் தீர்ப்பு நிலைநாட்டியது. பணியாளரைப் பற்றிய இனவாரி, பால்வாரிப் புள்ளிவிவரங்களையும் சங்கம் கேட்கலாம் என்பதை 1978-இல் வெஸ்டிங்ஹவுஸ் வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் ஏற்றது. கேட்கும் விதத்தில்தான் நுட்பம் உள்ளது. பதவி உயர்வில் பாகுபாடு உண்டா என்று கேட்டால் இல்லை என்ற ஒருவரிப் பதிலே வரும். கடந்த மூன்றாண்டில் நிரப்பப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் விண்ணப்பித்தோர், அவர்தம் பணிமூப்பு, தேர்வானவர், அறிவிப்பு ஒட்டப்பட்ட நாள் ஆகியவற்றை அட்டவணையாகக் கேட்டால், அறிவிப்பு ஒட்டுமுன்பே ஆள் எடுக்கப்பட்ட இடங்கள் தாமே வெளிப்படும்.

ஒரு பிரிவை அருகிருந்து பார்த்தால் இத்தொழிலின் இயல்பு விளங்கும். நோயாளிகள் குறைந்த வார்டில் உபரியாகும் செவிலியரை ஆள் போதாத வார்டுக்கு அந்த ஷிப்டுக்கு மட்டும் அனுப்புவதை அங்கு 'ஃப்ளோட்' என்பர். பழகாத வார்டில் பழகாத நோயாளிகளோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை எவரும் விரும்புவதில்லை. 'மேற்பார்வையாளர் நியாயமாகத் தேர்வார்' என்று மட்டும் ஒப்பந்தம் சொன்னால், எதிர்த்துப் பேசாதவரே மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவார். ஆகவே சங்கம் தரும் வரைவு, முதலில் தாமாக முன்வருவோர், பிறகு ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகச் செவிலியர், அதன்பின் கடைசியாக அனுப்பப்பட்ட நாள் எவருக்கு மிகப் பழையதோ அவர் என்று வரிசையை நிறுவி, அந்நாட்கள் குறிக்கப்படும் பதிவேடு செவிலியர் மேசையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. அத்துடன் வேலை முடிவதில்லை. நான்கு மணி நேரம் அனுப்பப்பட்டால் அது ஒரு முறையாகக் கணக்கில் சேருமா என்று எழுதாவிட்டால், ஒருவரையே சில மணி நேரமாகப் பலமுறை அனுப்பிவிட்டுப் பதிவேட்டை வெறுமையாக வைத்திருக்க இயலும். யார் எங்கே அனுப்பப்படுகிறார் என்பது சில வேளை உயிர்ப்பிரச்சினை: அந்நாட்டுச் செவிலியரில் சுமார் 4 விழுக்காட்டினரே பிலிப்பினோக்கள் என்றபோதும், கொரோனாவால் இறந்த செவிலியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்களே என்று நேஷனல் நர்சஸ் யுனைடெட் என்ற சங்கம் 2020-இல் கணக்கிட்டது. காரணங்கள் பல இருக்கலாம்; பணி ஒதுக்கீட்டை அவற்றிலிருந்து விலக்கிப் பார்க்க முடியாது.

ஊதியப் படி என்பது பணியாண்டுக்கேற்ப ஏறிச்செல்லும் மணிக்கூலி அட்டவணை. மணிலாவிலோ கொச்சியிலோ பத்தாண்டு பணிசெய்து வந்தவரை, 'ஒத்த அனுபவம்' எது என்பதை மனிதவளத் துறையே தீர்மானிக்கும் என்ற விதியைக் காட்டி அடிப்படியில் அமர்த்தினால், அந்த இழப்பு ஓய்வுபெறும்வரை தொடரும். எந்த நாட்டு மருத்துவமனையில் பெற்றதாயினும் ஆண்டுக்கு ஆண்டு கணக்கிட வேண்டும் என்று எழுதுவது எளிது; ஏற்கெனவே வேலையிலிருப்போருக்கும் அது பொருந்தும் என்று எழுதுவதிலேயே பணம் செலவாகிறது, நிர்வாகத்தின் எதிர்ப்பும் அங்கேதான். அவ்வரியை விட்டுக்கொடுத்தால் புதிதாக வருபவர் பழையவரைத் தாண்டிச் செல்வார். ஒரு குறையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கியதாகிவிடும். பணிமூப்பிலும் இதே கதைதான். வார்டுவாரியாக அதைக் கணக்கிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற விரும்பும் பொது வார்டுச் செவிலியர் தம் ஆண்டுகளை இழக்க வேண்டியிருப்பதால் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்; மருத்துவமனை முழுவதற்கும் ஒரே மூப்பு என்றால் மாறத் துணிகிறார். இம்மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் சங்கத்தின் மூத்த உறுப்பினரே என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

ஓரமாக வைத்த பாகுபாட்டுத் தடைப் பிரிவுக்கு இறுதியில் ஒருமுறை திரும்ப வேண்டும். நடுவர் தீர்ப்புக்குச் சென்றதால் நீதிமன்ற வழி அடைபடாது என்று 1974-இன் கார்ட்னர்-டென்வர் தீர்ப்பு கூறியிருந்தாலும், அவ்வழியைச் சங்கம் ஒப்பந்தத்தில் தெளிவாக விட்டுக்கொடுத்தால் அது உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் என்று 2009-இன் பயட் தீர்ப்பு கூறியது. எனவே இத்தகைய புகார்களுக்கு 'நடுவர் மட்டுமே' என்று பொருள்படும் எந்தத் தொடரும் நிர்வாகத்தின் வரைவில் நுழைந்துள்ளதா என்று வரிவரியாகப் பார்த்த பின்பே சுருக்கொப்பமிட வேண்டும்.

பேரம் முடியும் தறுவாயில், மேற்சொன்ன பிரிவுகளைத் திரும்பப் பெற்றால் சமத்துவத்துக்கென ஒரு கூட்டுக் குழு அமைக்கலாம் என்று நிர்வாகம் முன்வருவதுண்டு. குழு உறுப்பினர்க்கு ஊதியத்தோடு நேரம், புள்ளிவிவரத்தைப் பார்க்கும் உரிமை, கருத்து வேறுபட்டால் நடுவரிடம் செல்லும் வழி ஆகிய மூன்றும் எழுத்தில் கிடைத்தால் அதை ஏற்கலாம். பரிந்துரைக்க மட்டுமே அதிகாரமுள்ள குழுவுக்காக ஃப்ளோட் பதிவேட்டை விட்டுக்கொடுப்பது நட்டமான பேரம்.