பழைய கணினியும் புதிய அட்டையும்

ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால் அது ஒழுக்கம், நேரந்தவறாமை, சிக்கனம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும் என்பதை மாணவச் செல்வங்கள் நன்கறிவர். இம்முறை நாம் எழுதப் புகுவது ஒரு விளையாட்டுக் கணினியைப் பற்றி. அதுவும், நாமே ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்த கணினியைப் பற்றி.

2014ஆம் ஆண்டில் நம் இளைய மகன் படிவம் நான்கில் பயின்றுகொண்டிருந்தான். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையும், விடுமுறையில் கோல சிலாங்கூர்ப் பட்டணத்துக் கடையொன்றில் வேலை செய்து பெற்ற கூலியையும் சேர்த்து அவன் அக்கணினியை வாங்கினான். அதில் நாம் கொடுத்தது, வீட்டில் சும்மா கிடந்த பழைய திரை ஒன்றுதான். உள்ளே இன்டெல் ஐ5-4460 என்னும் செயலியும், ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்னும் வரைகலை அட்டையும் இருந்தன. அன்று நமக்கு இப்பெயர்கள் தெரியா. நமக்குத் தெரிந்ததெல்லாம் நள்ளிரவில் அவன் அறையிலிருந்து வந்த துப்பாக்கிச் சத்தமே. மறு ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு நெருங்கவே, பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொண்டோம். தேர்வில் அவன் நன்றாகவே தேறினான். ஆனால் அதன் பிறகு நம்மிடம் அளந்தே பேசினான். இப்போது ஜொகூர் பாருவில் பணிபுரிகிறான். கணினி இங்கேயே தங்கிவிட்டது. இல்லத்தரசியார் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திப் பூச்சாடியும் வைத்திருந்தார்.

2025ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் நம் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அவனும் படிவம் நான்கு. தந்தையார் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுப்பவர். “ஐயா, உங்கள் வீட்டில் கணினி ஒன்று சும்மா இருக்கிறதாமே, வரைந்து பழகலாமா?” என்று கேட்டான். விலையின்றிக் கிடைக்கும் பிளெண்டர் என்னும் மென்பொருளில், அவன் பாட்டி வாழ்ந்த பழைய லயத்தை முப்பரிமாணத்தில் கட்டிக்கொண்டிருந்தான். அந்த லயம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டி சொல்லச் சொல்ல இவன் வீடு வீடாக எழுப்பினான். பூச்சாடி இடம் மாறியது.

ஆறு வீடுகள் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏழாம் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தையும், கோடியில் மாரியம்மன் கோவிலையும் வைத்தபோது கணினி திணறி நின்றது. இலைகள் அத்தனையையும் தாங்க அட்டையிலிருந்த 2 ஜிபி நினைவகத்திற்கு வலுவில்லை. போதாக்குறைக்கு, அவ்வகை அட்டைகளுக்குப் புதிய இயக்க மென்பொருள் வெளியிடுவதை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும் என அறிவித்திருந்தது.

“பழைய பெட்டி தம்பி, இதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது,” என்றோம். அவனை அழைத்துப் போக வந்திருந்த தந்தையார் வாசலில் நின்றபடியே சொன்னார்: “மரம் உயர்ந்துவிட்டால் அரிவாளுக்குக் கம்பை நீட்டிக் கட்டுகிறோம், ஐயா. உடனே மரத்தையா சாய்க்கிறோம்?”

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. நம் நாட்டில் செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு காய்த்த பிறகே மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வர். அதுவரை நீள்வது கம்புதான்.

வரைகலை அட்டை என்ன செய்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். திரை என்பது 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட கட்டம். மொத்தம் 20,73,600 புள்ளிகள். அவற்றை ஒரு நொடிக்கு 60 முறை புதிதாகத் தீட்டினால்தான் அசைவு இயல்பாகத் தோன்றும். செயலி, கடினமான கணக்கையும் போடவல்ல ஆசிரியர் போன்றது. ஆனால் ஆசிரியர் ஒருவர் எத்தனை கட்டத்துக்குத்தான் வண்ணம் தீட்டுவார்? அட்டையோ ஒரு பெரிய வகுப்பு. ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் தீட்டுவர். 750 டிஐ அட்டையில் அத்தகைய ‘மாணவர்’ 640 பேர். பின்னர் 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் 896 பேர். நினைவகமும் 4 ஜிபி.

எதை வாங்குவது என்பதில்தான் நாம் தடுமாறினோம். வேறு வழியின்றி மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். செய்தியைக் கேட்டதும் சிறிது நேரம் பேச்சில்லை. “அந்தக் கணினியா அப்பா?” என்றான். பின்னர் நாற்பது நிமிடம் பேசினான். பல ஆண்டுகளாக நம்மிடம் அவன் அத்தனை நேரம் பேசியதில்லை.

அவன் முதலில் கேட்டது மின்வழங்கியைப் பற்றி. பெரிய அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். நம் பெட்டியில் அது இல்லை. தாய்ப்பலகையின் இடுக்கு வழியாக 75 வாட் வரை மட்டுமே கிடைக்கும். ஆகவே அதற்குள் அடங்கும் அட்டைதான் நமக்கு ஆகும். 1050 டிஐ மலிவு, ஆனால் அதுவும் 750 டிஐயைப் போலவே கைவிடப்பட்டுவிட்டது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 குறைந்த மின்சாரம் குடிக்கும். எனினும் பதினாறு தட இடுக்கில் நான்கு தடத்தில் மட்டுமே அது ஓடும். பழைய தாய்ப்பலகையில் அதனால் வேகம் குன்றும். இங்ஙனம் கழித்துக் கழித்து 1650இல் வந்து நின்றோம். அப்பெயரிலேயே தனிக் கம்பி கேட்கும் அட்டைகளும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும் என்றும் எச்சரித்தான். “இன்னும் பெரிதாக வாங்கினால் என்ன?” என்று கேட்டோம். “செயலி பழையது அப்பா. அதனால் ஈடுகொடுக்க முடியாது,” என்றான். கம்பை அளவுக்கு மீறி நீட்டினால் வளைந்துவிடும் என்று இதைப் பையனின் தந்தையார் தம் மொழியில் புரிந்துகொண்டார்.

பயன்படுத்திய அட்டை ஒன்றைக் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் 280 வெள்ளிக்கு வாங்கினோம். மறுநாள் தந்தையார் 140 வெள்ளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாம் மறுத்தோம். “பாதி என்னுடையது, ஐயா,” என்றார். வாங்கிக்கொண்டோம்.

அன்று மாலை மின்சாரத்தைத் துண்டித்து, உடம்பின் நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத் திறந்தோம். தூசியோடு இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. செயலியின் பசை காய்ந்திருந்ததால், அதையும் துடைத்துப் புதிதாகத் தடவினான் பையன். துடைத்த இடத்தில் ‘மலாய்’ என ஐந்து ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. இன்டெல் நிறுவனம் 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்தி வருவதை நாம் அவனுக்குச் சொன்னோம். அன்று நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

இடுக்கின் ஓரத்துத் தாழ்ப்பாளை அழுத்திப் பழைய அட்டையை எடுத்து, புதியதைப் பொருத்தினோம். திரையின் நீலச் செருகி புதிய அட்டையில் எங்கும் பொருந்தவில்லை. கீழே தாய்ப்பலகையில் பொருந்தும் துளை ஒன்று இருந்ததால் அங்கேயே செருகிவிட்டு விசையை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது.

அணைத்தோம், கழற்றினோம், மீண்டும் பொருத்தினோம். இருள்தான். பையன் ஒன்றும் பேசாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தந்தையாரின் 140 வெள்ளி நம் கண்முன் நின்றது. வரைந்து வைத்த ஆறு வீடுகளும் அதே பெட்டிக்குள் அல்லவா இருந்தன!

இரவு பத்து மணிக்கு மகனை மீண்டும் அழைத்துக் கைப்பேசி வழியாகவே பின்புறத்தைக் காட்டினோம். அவன் சிரித்துவிட்டான். “அது நீங்கள் கொடுத்த திரை அப்பா. பழைய நீலச் செருகி. புதிய அட்டையில் அதற்கு வழியே இல்லை. அட்டை இருக்கும்போது தாய்ப்பலகைத் துளையிலும் படம் வராது. மாற்றி ஒன்று வாங்குங்கள், போதும்.” பிறகு, நாம் கேளாமலேயே, “பூட்டி வைத்ததும் ஒருவகையில் நல்லதுதான், அப்பா. இல்லாவிட்டால் அது எப்போதோ தேய்ந்திருக்கும்,” என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நாம். அன்றிரவு கேட்டோம்.

அந்த மாற்றி கோல சிலாங்கூர்ப் பட்டணத்திலேயே கிடைத்தது. இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்: அக்கணினியில் உள்ள விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இவ்வளவு பழைய செயலியை ஏற்பதில்லை. ஆகவே இணைய இணைப்பைத் துண்டித்து, வரைவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம்.

மூன்றாம் நாள் மாலை படம் வந்தது. மாமரம் இலைகளோடு நின்றது, கோவிலும் நின்றது. பையன் சுட்டியை நகர்த்த, நாம் லயத்தின் முன்னால் நடந்து போவது போலக் காட்சி விரிந்தது. தந்தையார் நாற்காலியில் அமராமல் நெடுநேரம் நின்றே பார்த்தார்.

“நான்காம் வீட்டு வாசற்படி உடைந்திருக்கும்,” என்றார். “நான் சிறுவனாக இருந்தபோதே உடைந்துவிட்டது. நீ முழுசாக வைத்திருக்கிறாய்.”

பையன் மெல்ல அந்தப் படியின் ஒரு மூலையை உடைத்தான்.