பட்டையும் சிறகும்

எங்க தாத்தா காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் கிளி ஜோசியம் பார்த்தவர். கிளி பறந்துடக் கூடாதுன்னு இறகை நறுக்குவார். உதிர்ந்து புதுசா முளைத்தால், மறுபடியும் கத்தரி!

வெளிநாடுகளில் வளர்ப்புக் கிளிக்கு இறகை நறுக்காமல், உடம்பில் மெல்லிய பட்டை மாட்டி, நீளக் கயிற்றில் பறக்க விடுகிறவர்கள் உண்டு. முதலில் பட்டையைக் காட்டித் தீனி. பிறகு தலையை நுழைத்தால் தீனி. அவசரமில்லாமல், நாள்கணக்கில் பழக்க வேண்டும்.

"உங்க கிளிக்கும் ஒண்ணு தைச்சிருக்கலாமே, தாத்தா?" என்றேன்.

"கயிறு நம்ம கையிலதானே இருக்கும், தம்பி?" என்றார்.

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இன்று நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தாத்தாவும் தொழிலை விட்டுவிட்டார்.

ஆனால், அந்தக் கிளி பறக்காததால்தான் எங்க வீட்டில் உலை கொதித்தது. எங்க குடும்பத்தில் முதன்முதலாக நான் டிப்ளமோ படிக்கிறேன். அந்தக் கடனை எந்தப் பட்டை தைத்துத் தீர்ப்பேன்?