சூரிய களங்கங்களை எண்ணுதல்

சென்ற ஆண்டில் ஒருநாட் காலையில், கல்லூரித் தொலைநோக்கியின் வழியாக வந்த சூரிய உருவை வெண்தாளொன்றில் வீழ்த்தினோம். சூரியனைக் கண்ணால் நேரே நோக்குதல் பெருங்கேடன்றோ? தாளில் தோன்றிய கரும்புள்ளிகளை எண்ணினோம். யாம் கண்டவை 14. அருகிருந்த நண்பர் கண்டவை 11. எம் எண் தவறாமென்று நாணி, அதனை அழித்து 11 என்றெழுதத் துணிந்தோம். ஆசிரியர், "கண்டதை எழுதுக, அழிக்க வேண்டா" என்று தடுத்தார். இவ்வளவையின் வரலாற்றைப் பயின்ற பின்னரே அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கிற்று.

ஜெர்மனியிலுள்ள தெஸ்ஸௌ நகரில் மருந்து வணிகராயிருந்தவர் ஹைன்ரிக் சுவாபே என்பார். புதனுக்கும் உட்புறத்தே ஒரு கோள் உண்டெனக் கருதி, அது சூரியன் முன்னே கடக்குங்கால் காணவேண்டி, 1826 முதல் வானந் தெளிந்த நாடோறும் சூரியனை ஆராய்ந்தார். களங்கத்தைக் கோளென்று மயங்காதிருத்தற் பொருட்டுக் களங்கங்களையெல்லாம் குறித்துவைத்தார். கோள் அகப்படவில்லை. ஆயினும் பதினேழாண்டுக் குறிப்புக்களை ஒருங்கே நோக்கியபோது, களங்கங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கொரு முறை பெருகிக் குறைதல் புலனாயிற்று. 1844இல் அதனை வெளியிட்டார். கழுதைகளைத் தேடிச்சென்று அரசுபெற்ற சவுலுக்குத் தம்மை அவர் ஒப்பிட்டது எத்துணைப் பொருத்தம்!

பின்னர், சுவிட்சர்லாந்து வானநூலறிஞர் ருடால்ப் வோல்ப் 1848இல் ஒரு விதி வகுத்தார். களங்கக் கூட்டங்களின் தொகையைப் பத்தாற் பெருக்கி, அதனொடு தனிக்களங்கங்களின் தொகையைக் கூட்டி, வந்ததை நோக்குவோர்க்குரிய எண்ணொன்றால் பெருக்குக என்பதே அது. அன்று யாமிருவரும் கண்ட கூட்டங்கள் மூன்று. ஆதலின் பெருக்குதற்கு முன் எமக்கு 44, நண்பர்க்கு 41. கண்ணும் கருவியும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை அவ்விதி முன்னரே ஒப்புக்கொண்டிருக்கின்றது. இவ்வாறு பழையோர் குறிப்புக்களையும் இணைத்து, சராசரிக் காலம் 11 ஆண்டுக்குச் சற்று மிகுதியென அவர் கண்டார். 1755இல் தொடங்கியது முதலாம் வட்டம். 2019 டிசம்பரில் தொடங்கியது 25ஆம் வட்டம். நம் கோடைக்கானலிலும் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்துள்ளனர்.

அன்று யாம் அழித்திருப்பின் நண்பரோடு ஒத்திருப்போம். எம் கண்ணின் அளவோ எவர்க்கும் தெரியாது போயிருக்கும். திருத்தி எழுதிய பொய்யெண்ணுக்குப் பெருக்கும் எண் யாதுமில்லை. எம் குறிப்பேட்டில் 14 என்பது இன்னும் அவ்வாறே நிற்கின்றது.