முக்கால் என்றால் 'த'

உங்கள் வீட்டுப் பரணில் எத்தனை செத்த சாதனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? போன வருஷம் வீடு மாற்றும்போது நான் எண்ணினேன். செல்போன் ஐந்து (ஒன்றில் மட்டும் டார்ச் இன்னும் எரிகிறது), எதற்குச் சொந்தம் என்றே தெரியாத சார்ஜர்கள் பதினொன்று, ஒரு வாக்மேன், ஒரு டிஜிட்டல் டைரி, இன்டர்நெட்டுக்குப் போவதற்கு முன் அரை நிமிஷம் ஒப்பாரி வைக்குமே, அந்த மோடம் ஒன்று.

நான் படித்தது பி.காம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் காலேஜில் படித்த ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. தேய்மானம். 2003-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து அசெம்பிள் செய்து வாங்கிய என் முதல் கம்ப்யூட்டரின் விலை 28,000 ரூபாய். அன்றைய வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 60 சதவீதம். (2017-லிருந்து 40 ஆக்கிவிட்டார்கள்.) முதல் வருஷ முடிவில் அதன் மதிப்பு 11,200. அடுத்த வருஷம் 4,480. பத்து வருஷம் கழித்து 2 ரூபாய் 94 காசு! இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. மீதியில்தான் சதவீதம் கழிக்கிறோம் என்பதால், எத்தனை வருஷம் போனாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரணில் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது. உள்ளே மூன்று ஃப்ளாப்பிகள். "அப்பா வெச்சிருந்தது. தூக்கிப் போட்டுடாதே" என்றாள் அம்மா.

அப்பா ஆர்.எம்.எஸ். ஊழியர். ரயில்வே மெயில் சர்வீஸ். திருச்சி ஜங்ஷனிலும், ஓடுகிற ரயிலின் தபால் பெட்டியிலும் நின்றபடியே கடிதம் பிரித்தவர். 2002-ல் ரிடையர் ஆனார். மறு வருஷம் நான் கம்ப்யூட்டர் வாங்கினபோது, 'பேங்க் பரீட்சை எழுதாமப் பத்திரிகைக்குப் போறானே' என்று என்னோடு சரியாகப் பேசாத காலம். ஆனால் கம்ப்யூட்டரோடு பேசினார்! நான் ஆபீஸ் போன பிறகு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். 'அம்மா' என்று வர ஆங்கிலத்தில் தட்டும் முறையைக் காட்டினேன். "தமிழை எதுக்குடா இங்கிலீஷ் வழியா அனுப்பணும்? சுத்து வழி" என்று தள்ளிவிட்டு, தமிழ் 99 விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டார். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய். "இதுதான் சரி. எங்க சார்ட்டிங் ரூம் மாதிரி இருக்கு" என்றார். இரண்டே விரலில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 2011-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஃப்ளாப்பி ஒன்றில் 1.44 எம்.பி. கொள்ளும். இன்றைய செல்போனில் எடுத்த ஒரு இட்லி போட்டோகூட அதில் உட்காராது. இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைச் சொருக வாயில்லை. யு.எஸ்.பி.-யில் மாட்டுகிற டிரைவ் ஒன்றை ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். முதல் ஃப்ளாப்பியில் பூஞ்சை. மூன்றாவதைப் போட்டதும் டிரைவ் 'கடக் கடக்' என்று பல்லைக் கடித்தது. இரண்டாவது மட்டும் திறந்தது. ஒரே ஒரு ஃபைல்.

திறந்தால் முழுக்கக் குப்பை! கால், அரை, முக்கால் என்று பின்னங்கள். தொப்பி வைத்த பிரெஞ்சு எழுத்துகள். நடுநடுவே தலைகீழாகத் தொங்கும் கேள்விக்குறி. "தாத்தா கணக்கு எழுதியிருக்காரா?" என்றாள் பெண்.

இல்லை, தமிழ்தான். 2000-களின் ஆரம்பத்தில் தமிழில் டைப் அடித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். கம்ப்யூட்டரின் எழுத்து அலமாரியில் அன்றைக்கு 256 அறைகள். கீழ்ப் பாதி ஆங்கிலத்துக்கு. மேல் பாதியில் ஐரோப்பிய எழுத்துகளும் பின்னங்களும் குடியிருந்தன. நம் ஆட்கள் அவற்றைக் கிளப்பிவிட்டு அங்கே தமிழைக் குடிவைத்தார்கள். குடிவைத்ததில் ஒற்றுமை கிடையாது. ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு வரிசை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டைத் தரப்படுத்தியது. இணையத்தில் பலர் 'டிஸ்கி'யில் எழுதினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது என்றாலும், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது சரளமாக நடமாட இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல். எந்த ஃபான்ட்டில் எழுதினோமோ அந்த ஃபான்ட் இல்லாவிட்டால், பழைய குடித்தனக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். அதுதான் இந்த முக்கால்.

சரி, அப்பா எதில் எழுதினார்? எனக்கு எப்படித் தெரியும்? தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பெண் ஃப்ளாப்பியைத் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் அப்பாவின் கையெழுத்து:

'எழுத்து: டிஸ்கி. விசை: தமிழ் 99. மொத்தம் 3. இது 2.'

தபால் பைக்கு லேபிள் கட்டியே முப்பத்தொன்பது வருஷம் கழித்த மனுஷர்! எங்கேயிருந்து, எங்கே, எத்தனை என்று எழுதாமல் எதையும் கையை விட்டு அனுப்பமாட்டார்.

அப்புறம் சுலபம். டிஸ்கியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பெண் விடவில்லை. முதல் வரியை நாமே கண்டுபிடிக்கலாம் என்றாள். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முக்கால் என்றால் 'த'. அரை என்றால் 'ண'. கால் என்றால் 'ட'. தலைகீழ்க் கேள்விக்குறி 'ந'. ராத்திரி பதினொன்றரைக்கு, தாத்தாவைப் பார்த்தே இராத பேத்தி, அவர் எழுதின முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மற்றதை மென்பொருளுக்குக் கொடுத்தோம். மொத்தம் பதினோரு பக்கம். முதல் ஃப்ளாப்பி போய்விட்டதால் பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது. ரயில் ஆட்டத்தில் நின்றுகொண்டே கடிதம் பிரிப்பது பற்றி எழுதியிருந்தார். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தபோது, 'இனிமேல் ஊர் பேர் தெரியாதவனும் சார்ட்டர் ஆகிவிடலாம்' என்று சீனியர்கள் சலித்துக்கொண்டதை எழுதியிருந்தார். 'தென்னை மரத்து வீடு' என்று மட்டும் முகவரி போட்டு வந்த கடிதத்தை விசாரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு தபால்காரரைப் பற்றி ஒரு முழுப் பக்கம்.

ஒன்பதாம் பக்கத்தில் இது:

'பையன் எழுதுகிற பத்திரிகையை வாராவாரம் லைப்ரரியில் போய்ப் பார்த்துவிடுகிறேன். வீட்டில் வாங்கினால் தெரிந்துவிடும். நன்றாகத்தான் எழுதுகிறான். வாக்கியம் கொஞ்சம் நீளம். சொன்னால் தலைக்கு ஏறும். சொல்லவில்லை.'

கடைசி வரைக்கும் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, "சம்பளம் கரெக்டா வருதா?" என்பதுதான். எனக்கு அவர் மேல் ஒரு கோபம் இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வருஷக்கணக்காக இருந்தது. அதை யாரிடம் போய் ரத்து செய்வது?

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியுமே" என்றாள். "குடையை எடுத்துண்டு வெள்ளிக்கிழமை கிழமை தவறாம கிளம்புவார். எங்கேன்னு நினைச்சே?"

இதில் எனக்கு உறைத்தது வேறு. 2005-ல் வலைப்பதிவு ஜுரம் எனக்கும் அடித்தது. இரண்டு வருஷம் ராத்திரி கண் விழித்து எழுதித் தள்ளினேன். இடம் கொடுத்த இலவச சர்வீஸை ஒருநாள் மூடிவிட்டார்கள். மெயிலில் எச்சரிக்கை அனுப்பினார்களாம். அந்த மெயிலை நான் எங்கே பார்த்தேன்? சி.டி.-யில் பதிந்து வைத்த பழைய கட்டுரைகள் பாதி திறக்கவில்லை. திறந்ததில் பாதி எந்த ஃபான்ட் என்று தெரியவில்லை. லேபிளில் நான் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'முக்கியம்'. கம்ப்யூட்டரைத் தொழிலாக வைத்திருக்கிற மகன் தொலைத்தான். அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட அப்பா சேர்த்துவிட்டார்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் பத்தாயிரம் போட்டோ இருக்கும். அதில் இருக்கிற பெரியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு நூறுக்காவது இன்றைக்கு எழுதி வையுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். முடிந்தால் பேப்பரில் அச்செடுத்தும் வையுங்கள். கருவி செத்துப் போகும். பரவாயில்லை. முகவரி இருந்தால் யாராவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தத் தேய்மானக் கணக்கு. நாற்பது ரூபாய்க்குள் வாங்கின மூன்று ஃப்ளாப்பியின் இன்றைய மதிப்பைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பைசாவில்கூட வரவில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை.

பின்குறிப்பு: பதினொரு சார்ஜர்களையும் கழித்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். "எதுக்காவது ஆகும்" என்று அம்மா திரும்பவும் டின்னில் போட்டுவிட்டாள். மூடியில் லேபிள் ஒட்டியிருக்கிறாள்: 'சார்ஜர். மொத்தம் 11.'