ரயிலில் வந்தவர்கள், ரயிலில் போனவர்கள்

ஹோட்டல் அறையில் மேஜை டிராயரை இழுத்தால் ஒரு பைபிள் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள நாத்தனார் வீட்டுக்கு நாங்கள் போனபோதுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பாஸ்கோபெல் என்ற சின்ன ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கே கல்லால் கட்டிய பழைய கட்டிடம் ஒன்று. அந்நாளில் அதன் பெயர் சென்ட்ரல் ஹவுஸ் ஹோட்டல்.

நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன் இம்மாதிரி சிற்றூர் ஹோட்டல்களில் தங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி விற்பனைக்காரர்கள். அவர்கள் ரயிலை விட்டு இறங்கினால், மாதிரிச் சரக்கு அடைத்த டிரங்குப் பெட்டிகள் பின்னாலேயே குதிரை வண்டியில் வரும். ஹோட்டலில் அதற்கென்றே ‘சாம்பிள் ரூம்’ உண்டு. துணியோ, செருப்போ அங்கே பரப்பி வைத்தால் ஊர்க் கடைக்காரர்கள் வந்து பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். மறுநாள் ரயிலேறி அடுத்த ஊர். சனிக்கிழமைக்குள் வீடு போய்ச் சேர முடியாவிட்டால் ஞாயிறு முழுக்க ஹோட்டல் வாசம்தான். சீட்டாட்டம், சாராயக் கடை என்று பலருக்குப் பொழுது போயிற்று.

1898 செப்டம்பரில் ஒரு ராத்திரி, இந்த ஹோட்டலில் இடமே இல்லை. ஜான் நிக்கல்சன், சாமுவேல் ஹில் என்ற முன்பின் தெரியாத இரண்டு விற்பனைக்காரர்கள் 19-ஆம் எண் அறையில் சேர்ந்து தங்கினார்கள். படுக்குமுன் நிக்கல்சன் பைபிளை எடுத்தார். தினமும் படிப்பேன் என்று பன்னிரண்டு வயதில் தாயாருக்குக் கொடுத்த வாக்காம். ஹில்லும் கூட உட்கார்ந்து கேட்டார். அந்தச் சிநேகத்தில் 1899-ல் பிறந்ததுதான் கிதியோன் சங்கம். 1908-ல் மொன்டானா மாநிலத்து ஹோட்டல் ஒன்றின் அறைகளில் முதன்முதலாகப் பைபிள் வைத்தார்கள்.

பிறகு கார் வந்தது. பகலில் நாலு ஊர் சுற்றிவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம் என்றானதும், சின்ன ஊர் ஹோட்டல்களில் கூட்டம் குறைந்தது.

எங்க வீட்டுக்காரரும் வருஷக்கணக்காகக் கம்பெனி டூர் போனவர்தான். நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்றுதான் கவலைப்பட்டிருக்கேனே தவிர, ராத்திரி தனி அறையில் என்ன செய்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கட்டிடத்து வாசலில் நின்று கேட்டேன்.

“செவுத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், வேறென்ன?” என்றார்.

உங்க வீட்டிலும் டூர் போகிறவர் இருந்தால், சாப்பாட்டோடு இதையும் விசாரியுங்கள்.